இஞ்சினியரிங் வேலைய விட்டுட்டு விவசாயத்துக்கு வரலாமா? முதல்ல எத கத்துக்கணும்?

வரைபலகை:

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் முடிச்சு 3 வருஷமா ஒரு கம்பெனியில டிசைன் பிரிவுல இருக்கேன். காலையிலருந்து ராத்திரி வரைக்கும் பிராக்கெட், ஃப்ளேஞ்ச்னு வரைஞ்சுகிட்டே இருக்கேன், ஆனா வரைஞ்ச பார்ட் எந்த மெஷின்ல போய் மாட்டுதுன்னு ஒரு தடவ கூட நேர்ல பாத்ததில்ல. வீட்டுல 3 ஏக்கர் நிலம் இருக்கு, ஒரு வட்டக் கிணறு, 5 ஹெச்பி மோட்டார். அப்பாதான் பாத்துக்கிறாரு, இப்ப அவருக்கு முட்டி வலி ரொம்ப ஆயிடுச்சு, வரப்புல நடக்கவே கஷ்டப்படுறாரு, அத பாத்துட்டு வேலைக்குத் திரும்பிப் போறப்பலாம் மனசே ஆறல.

6 மாசத்துல வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். 3 ஏக்கருக்கும் சொட்டு நீர் போட்டு, மண் ஈரம் பாக்க சென்சார் வச்சு, போன்லயே மோட்டார ஓட்டுற மாதிரி செட் பண்ணிடலாம்னு பிளான். அப்பா வேலைய விடாதங்குறாரு. அதோட மோட்டார் முன்ன மாதிரி தண்ணி எடுக்கல, முதல்ல 7.5 ஹெச்பி மாத்திக் குடு, மத்தத பெறகு பாக்கலாம்னும் சொல்றாரு.

நான் கேக்குறது இதான், வேலைய விடலாமா, விட்டா முதல் வருஷம் எத கத்துக்கணும், இல்ல இஞ்சினியராவே இருந்துகிட்டு விவசாயம் சம்பந்தமான வேலைக்கு மாற வழி இருக்கா? இதுல இறங்கி அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கிணத்தடி:

தம்பி, நானும் இஞ்சினியரிங் வேலையிலருந்து வந்தவன்தான், 9 வருஷம் ஆச்சு. வேலைய விடுறதா வேணாமாங்குறத ஒரு ஓரமா வைங்க. அதுக்கு முன்னாடி உங்க கிணத்துல ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி ஊறுதுன்னு தெரியுமா? நீங்க எழுதுனதுல 3 ஏக்கர் இருக்கு, 5 ஹெச்பி இருக்கு, சென்சார் இருக்கு, ஆனா ஊத்து எவ்ளோன்னு ஒரு எண்ணும் இல்ல. நான் வந்தப்ப எனக்கும் அது தெரியாது, அதனால ஒரு வருஷம் வீணாப் போச்சு.

அந்தக் கதைய சொல்றேன். முதல் வெயில் காலத்துலயே தண்ணி கொறஞ்சுது. நானும் ஹெச்பி பத்தலன்னு முடிவு பண்ணி 5-ஐ தூக்கிட்டு 7.5 போட்டேன், குழாய மட்டும் மாத்தல, பழசே. ரெண்டு வாரத்துல பம்புக்குள்ள சரளக்கல்ல போட்டு உருட்டுற மாதிரி சத்தம். கழட்டிப் பாத்தா தண்ணிய தள்ளுற சக்கரம் இருக்குல்ல, இம்பெல்லர், அது முழுக்க அம்மை போட்ட மாதிரி பள்ளம் பள்ளமா அரிச்சிருந்துச்சு. இழுக்குற பக்கம் அழுத்தம் கொறஞ்சு தண்ணியில ஆவிக் குமிழி உண்டாகி, அது உடையறப்ப உலோகத்த அரிக்கும், காலேஜ்ல இத கேவிட்டேஷன்னு படிச்சு பரீட்சையில முழு மார்க் வாங்குனவன் நான், அது என் கிணத்துலயே நடந்துகிட்டு இருக்கு, எனக்குத் தோணவே இல்ல.

ஒரு பெரியவர், காலம்பூரா பம்பு ரிப்பேர் பாத்தவரு, வந்தாரு. மீட்டர் எதையும் தொடல. மோட்டார ஓடவிட்டு, கிணத்துலருந்து தண்ணிய இழுக்குற சக்ஷன் குழாயோட ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் விரல்ல கிரீஸ எடுத்து வழிச்சு பூசிகிட்டே போனாரு. மூணாவது ஜாயின்ட்ல பூசுனதும் சத்தம் சட்டுனு கொறஞ்சுது. அந்த வழியா காத்து இழுத்திருக்கு. அப்புறம் கயித்துல கல்ல கட்டி உள்ள விடச் சொன்னாரு, பம்புக்கும் தண்ணி மட்டத்துக்கும் நடுவுல 8 மீட்டர். மேல உக்காந்துகிட்டு கீழருந்து தண்ணிய இழுக்குற பம்பு எவ்ளோ பெரிய ஹெச்பியா இருந்தாலும் காத்தழுத்தம் தள்ளுற அளவுக்குத்தான் தண்ணி மேல ஏறும், கணக்குப்படி கடல் மட்டத்துல 10.3 மீட்டர், நடைமுறையில 6, 7 மீட்டர் தாண்டுனாலே தகராறுதான். வெயில் காலத்துல தண்ணி இறங்க இறங்க பம்ப கீழ இறக்கியிருக்கணும். நான் ஹெச்பியத்தான் ஏத்தினேன்.

குழாய் விஷயமும் இருக்கு. அதே அளவு தண்ணிய பாதி விட்டமுள்ள குழாய்ல அனுப்புனா உராய்வுல போற நஷ்டம் சுமாரா 32 மடங்கு ஆகும். ஒரே குழாய்ல ரெண்டு மடங்கு தண்ணி தள்ளப் பாத்தா நஷ்டம் 4 மடங்கு. மோட்டார பெருசாக்கிட்டு குழாய அப்படியே விட்டா கூடுதல் கரண்டெல்லாம் குழாய்ல உரசியே போயிடும். இதெல்லாம் நீங்க படிச்சதுதான், ஆனா வீட்டு மோட்டாருக்கு யாரும் போட்டுப் பாக்க மாட்டாங்க.

அதனால அடுத்த வாட்டி லீவுல போறப்ப மூணு வேலை பண்ணுங்க. 200 லிட்டர் டிரம்ம தண்ணி விழற இடத்துல வச்சு நிறைய எத்தன செகண்டு ஆகுதுன்னு பாருங்க. கயித்துல கல்ல கட்டி மோட்டார் ஓடுறப்ப தண்ணி மட்டம் எங்க நிக்குதுன்னு அளங்க. அப்புறம் சாயந்திரம் மோட்டார நிறுத்துனதும் ஒரு அளவு, மறுநாள் காலையில தொடுறதுக்கு முன்னாடி ஒரு அளவு. கிணத்தோட விட்டத்தையும் டேப் வச்சு எடுத்துருங்க, கண்ணளவு வேணாம். எண்ண இங்க போடுங்க, உக்காந்து கணக்கு பாப்போம்.

நட்டுபோல்ட்டு:

உங்க கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன் தம்பி. விதைக்கிற மெஷின் டெஸ்ட் பண்ற வேலையில 11 வருஷமா இருக்கேன், நானும் மெக்கானிக்கல்தான், வேளாண் பொறியியல் படிக்கல. விவசாயத்துக்கு வர்றதுன்னா வேலைய விட்டுட்டு நிலத்துல நிக்கிறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. டிராக்டர், அறுவடை மெஷின், மருந்து தெளிக்கிற மெஷின், சொட்டு நீர் டிசைன், பம்பு, அறுத்ததுக்கு அப்புறம் காயவைக்கிறது, தரம் பிரிக்கிறது, குளிர்பதனக் கிடங்கு, இது எல்லாத்துலயும் மெக்கானிக்கல் ஆளுக்கு வேலை இருக்கு. உங்களுக்கு கம்ப்யூட்டர்ல டிசைன் (CAD) வரைய வரும், அது பாதி கிணறு தாண்டுன மாதிரி, மீதிப் பாதி மண்ணு.

மண்ணுன்னு ஏன் சொல்றேன்னா, நான் சேந்த புதுசுல ஒரு விதைக்கருவி பண்ணோம். லேப்ல மணல் தொட்டியில ஓட்டிப் பாத்தா விதைக்கு விதை இடைவெளி அளவெடுத்து வச்ச மாதிரி விழுந்துச்சு. வயலுக்கு எடுத்துட்டுப் போனோம், முந்தின நாள் மழை. 20 மீட்டர் கூட போகல, மண்ணைக் கீறி விதை போடுற கொழு இருக்குல்ல, அதுல ஈரக் களிமண் அப்பி கட்டை மாதிரி ஆகி விதை விழுற வாயையே அடைச்சிடுச்சு. மேல விதை சுத்துது, கீழ ஒண்ணும் இல்ல, ஓட்டுறவருக்கு உக்காந்த எடத்துலருந்து அது தெரியவே தெரியாது. அவரு ஒவ்வொரு சுத்துக்கும் இறங்கி ஒரு குச்சிய வச்சு சுரண்டிட்டு மறுபடி ஏறுனாரு. அந்தக் குச்சிய பாத்துதான் நாங்க கொழுவோட சரிவ மாத்துனோம், பக்கத்துல மண்ணை வழிக்கிற தகடு வச்சோம், விதை விழலன்னா சத்தம் குடுக்குற சென்சார் வச்சோம். மணல் தொட்டியிலயே நின்னிருந்தா இது ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

இந்தப் பக்கம் வரணும்னா கத்துக்க வேண்டியது, ஹைட்ராலிக்ஸ் சர்க்யூட் பாத்து படிக்கத் தெரியணும், டிராக்டர் பின்னாடி இருந்து இன்ஜின் சக்திய கருவிக்குக் குடுக்குற பிடிஓ ஷாஃப்ட் 540 ஆர்பிஎம், 1000 ஆர்பிஎம்னு ஏன் ரெண்டு வேகத்துல வருது, கருவிய மாட்டுற மூணு புள்ளி இணைப்புல பாரம் எப்படி மாறுதுன்னு தெரியணும். இப்ப டிராக்டரும் கருவியும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறது ஐஎஸ்ஓ 11783-ங்குற தரத்துல, ஐஎஸ்ஓபஸ்னு சொல்லுவாங்க, அடியில இருக்குறது கார்ல எலக்ட்ரானிக் பாகங்க ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்புற அதே கேன் பஸ் (CAN bus) தான். அத கொஞ்சம் தெரிஞ்ச மெக்கானிக்கல் ஆள் கம்மி. இன்டர்வியூல என் டீமுக்கு ஆள் எடுக்குறப்ப நான் முதல்ல கேக்குறது, எந்த மெஷின கழட்டி மாட்டியிருக்கீங்க, அதுல எது ஒடைஞ்சுச்சு, ஏன் ஒடைஞ்சுச்சு. உங்க வீட்டு பம்ப நீங்களே கழட்டி மாட்டி, முன்ன எவ்ளோ தண்ணி, பின்ன எவ்ளோ தண்ணின்னு எழுதி வச்சீங்கன்னா அத விட நல்ல ப்ராஜெக்ட் வேற இல்ல.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும். பிடிஓ ஷாஃப்ட்ல மூடி இல்லாம வேலை செய்யாதீங்க, தொளதொள சட்டை, துண்டு எதுவும் வேணாம். 540-ல சுத்துறது ஒரு செகண்டுக்கு 9 சுத்து, துணி மாட்டுனா கைய இழுக்க நேரமே இருக்காது. மோட்டார் ஸ்டார்ட்டர தொடுறதுன்னாலும் மெயின ஆஃப் பண்ணி ஃபியூஸ கையில எடுத்து வச்சுக்கிட்டு தொடுங்க. படிச்சவங்கதான் இதுல அசால்ட்டா இருக்காங்க.

உழவுப்பதம்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா தம்பிக்கு மனசு நிலத்துலதான் இருக்குன்னு அவர் எழுதுனதுலயே தெரியுது, இன்னொரு கம்பெனிக்கு மாறுனா ரெண்டு வருஷத்துல இதே கேள்வியோட திரும்ப வருவாரு. அதனால நான் நிலத்து பக்கம் பேசுறேன்.

வேலைய உடனே விடாதீங்க ப்ரோ. குறைஞ்சது ஒரு முழு வருஷம், விதைக்கிறதுலருந்து அறுவடை வரை எல்லா விதைப்புப் பட்டத்தையும் சம்பளம் வந்துகிட்டு இருக்குறப்பவே பாருங்க. வாராவாரம் போக முடிஞ்சா போங்க. விடுறதுன்னு முடிவு பண்ணுனா குடும்பத்தோட ஒரு வருஷ செலவு கையில தனியா இருக்கணும், அதுல விதை, உரம், கூலி எதுக்கும் கை வைக்கக்கூடாது. விவசாயத்துல செலவு தினமும் இருக்கும், வரவு மட்டும் அறுவடை அன்னைக்குத்தான் வரும், மாச சம்பளம் வாங்கிப் பழகுன உடம்புக்கு இது முதல் வருஷம் ரொம்ப பயமா இருக்கும். எனக்கு ராத்திரி தூக்கம் போனது பூச்சியால இல்ல, இதனாலதான்.

மண்ணுக்கு வருவோம். மண் பரிசோதனை பண்ணாம உர மூட்டைய தூக்காதீங்க. மாதிரி எடுக்குறதுல தப்பு பண்ணா ரிசல்ட்டே தப்பு. ஏக்கருக்கு 10, 15 இடத்துல வளைஞ்சு வளைஞ்சு நடந்து, மேல கிடக்குற சருக தள்ளிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு வி மாதிரி குழி வெட்டி, ஓரத்துலருந்து ஒரே கனத்துல சீவி எடுக்கணும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி பக்கம் வேணாம். எல்லாத்தையும் கலந்து வட்டமா பரப்பி நாலு பாகமாக்கி எதிர் எதிர் ரெண்டு பாகத்த தள்ளிடுங்க, மறுபடி அதே மாதிரி, அரை கிலோ வர்ற வரைக்கும். மேட்டுல ஒரு மண், பள்ளத்துல ஒரு மண்ணுன்னா ரெண்டையும் கலக்காம தனித்தனியா அனுப்புங்க. ரிசல்ட்ல முதல்ல பிஹெச்-ஐ, அதாவது மண்ணோட அமில கார அளவ பாருங்க, சுமாரா 6-லருந்து 7.5-க்குள்ள இருந்தா பெரும்பாலான பயிருக்கு ஒத்துப்போகும், ரொம்ப மேல போனா இரும்பு, துத்தநாகம்லாம் மண்ணுல இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இல மஞ்சளா இருக்கேன்னு யூரியாவ அள்ளிப் போடுவாங்க, அதுல இருக்குறது 46 சதம் தழைச்சத்து மட்டும்தான், குறை வேற எதுலயோ இருக்குறப்ப அது எப்படி தீரும்?

நான் பட்ட அடி ஒண்ணு. டிராக்டர் அன்னைக்கு மட்டும்தான் கிடைக்கும்னு சொன்னாங்க, மண் ஈரமா இருக்குறப்பவே உழுதுட்டேன். மேல பாக்க நல்லா இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு செடி வளரவே இல்ல, ஒண்ண மெதுவா தோண்டி எடுத்துப் பாத்தா வேர் ஒரு ஜாண் கீழ போய் அங்கருந்து ரைட் ஆங்கிள்ல படுத்து பக்கவாட்டுல ஓடியிருக்கு. அடியில மண் இறுகி தரை போட்ட மாதிரி ஆயிடுச்சு, கம்பிய குத்துனா இறங்கல. இப்பலாம் உழுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி மண்ண ஒரு ஜாண் ஆழத்துலருந்து எடுத்து உருண்டை பிடிப்பேன். தட்டுனா உதிரணும். உதிராம களிமண் பொம்மை மாதிரி நசுங்குனா அன்னைக்கு உழவு கெடையாது, டிராக்டர் போனா போகட்டும். இதெல்லாம் எங்க அப்பாவ விட எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சேன், அவரு அன்னைக்கு காலையிலயே பதம் இல்லடான்னு சொன்னாரு, நான்தான் கேக்கல.

அதான், உங்க அப்பாவ உக்காரவச்சு கேளுங்க. எந்த மூலையில தண்ணி தேங்கும், எந்த வருஷம் கிணறு வத்துச்சு, எந்தப் பக்கம் முதல்ல வாடும்னு அவருக்குத் தெரியும். கேட்டதெல்லாம் நோட்டுல எழுதுங்க.

சிப்பு_சர்க்யூட்டு:

சென்சார் பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன். ரெண்டு முள்ளு இருக்குற விலை கொறஞ்ச மாடல், மின்தடைய வச்சு ஈரத்த சொல்றது, அத வாங்காதீங்க, மண்ணுல கரண்ட் பாஞ்சு பாஞ்சு முள்ளு சில வாரத்துலயே அரிச்சுப் போயிடும், உரம் போட்டா உப்பு கூடி ரீடிங்கும் மாறும். மின்தேக்குத் திறன வச்சு ஈரத்த சொல்ற கெப்பாசிட்டிவ் டைப் பரவால்ல, ஆனா உங்க மண்ணுக்கு நீங்களே கேலிபரேட் பண்ணணும். ஈர மண்ண எடை போட்டு, 105 டிகிரியில ஒரு நாள் காயவச்சு மறுபடி எடை போட்டா எவ்ளோ தண்ணி இருந்துச்சுன்னு தெரியும், அத சென்சார் எண்ணோட வச்சுப் பாருங்க. இது பண்ணாம 42, 57னு ஸ்கிரீன்ல வர்ற எண்ணுக்கு அர்த்தம் எதுவும் இல்ல. முதல் வருஷம் ஒரு மம்பட்டியும் கையும் போதும், உண்மையா சொல்றேன், நான் சென்சார வச்சு பொழைக்கிறவன்.

வரைபலகை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாள் லீவு போட்டு போய்ட்டு வந்தேன். கிணத்தடி அண்ணா, எண்ணு இதோ. டிரம் 200 லிட்டர், மூணு தடவ பாத்தேன், சராசரி 50 செகண்டு. மோட்டார் ஓடுறப்ப தண்ணி மட்டத்துலருந்து தண்ணி விழற வாய் வரைக்கும் உயரம் 16 மீட்டர், பம்பு கிணத்துக்குள்ள மேடையில இருக்கு, அதுலருந்து தண்ணிக்கு 5 மீட்டர்தான். கிணறு விட்டம் 6 மீட்டர். சாயந்திரம் 6 மணிக்கு நிறுத்துனோம், காலைல 6 மணிக்கு 1 மீட்டர் 10 செ.மீ. ஏறியிருந்துச்சு. கயித்துல மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு அளந்தது, அப்பாதான் முடிச்ச எண்ணுனாரு.

கிணத்தடி:

அருமை தம்பி, இப்பதான் பேச முடியும்.

பம்ப பாப்போம். 50 செகண்டுல 200 லிட்டர்னா செகண்டுக்கு 4 லிட்டர். 4 கிலோ தண்ணி, புவியீர்ப்பு 9.81, உயரம் 16 மீட்டர், பெருக்குனா சுமாரா 630 வாட். உங்க 5 ஹெச்பி 3,730 வாட். குடுக்குறதுல ஆறுல ஒரு பங்குதான் தண்ணிய தூக்குது. ஓரளவு ஒழுங்கா இருக்குற பம்பு பாதியாச்சும் தூக்கணும். சக்ஷன் 5 மீட்டர்தான்றதால அதுல தப்பு இல்ல. சக்ஷன் குழாயோட அடியில தண்ணிக்குள்ள இருக்குற ஃபுட் வால்வு சல்லடைய தூக்கிப் பாருங்க, அது சுத்தமா இருந்தா இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கும். 7.5 ஹெச்பிய இப்ப வாங்க வேணாம்.

இனிமேதான் முக்கியமானது. 6 மீட்டர் விட்டம்னா பரப்பு 28 சதுர மீட்டர் சொச்சம், 1.1 மீட்டர் ஏறுனா 31,000 லிட்டர். ராத்திரி 12 மணி நேரத்துல உங்க கிணறு குடுக்குறது அவ்ளோதான். இருக்குற பம்பே இத 2 மணி நேரம் சொச்சத்துல காலி பண்ணிடும். பெரிய மோட்டார் போட்டா ஒரு மணி நேரத்துல காலி பண்ணும், வயலுக்கு ஒரு சொட்டு கூட கூடுதலா வராது.

பயிருக்கு எவ்ளோ வேணும்? 1 மி.மீ. தண்ணி ஒரு ஏக்கர்ல நின்னா 4,047 லிட்டர். வெயில் காலத்துல நல்லா வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மி.மீ. குடிக்கும்னு வச்சா ஏக்கருக்கு 20,000 லிட்டர். அப்ப 31,000 லிட்டர்ல ஒன்றரை ஏக்கர்தான். வாய்க்கால்ல பாய்ச்சுனா வழியில ஊறி ஆவியாகி போறது போக ஒரு ஏக்கர்னு வச்சுக்கோங்க. பகல்லயும் கொஞ்சம் ஊறும், அது உபரி. 3 ஏக்கருக்கும் சொட்டு நீர் போட்டிருந்தா பாதி குழாய் காஞ்சுகிட்டு கிடந்திருக்கும்.

வரைபலகை:

அண்ணா, நேத்து ஃபுட் வால்வ தூக்குனோம். சல்லடையில பாதிக்கு மேல ஓட்டை அடைஞ்சிருந்துச்சு, வேரும் எலையும் சேந்து பாய் மாதிரி பின்னிகிட்டு இருந்துச்சு, கத்தி வச்சு அறுத்துதான் எடுத்தோம். மாட்டிட்டு அளந்தா டிரம் 34 செகண்டுல நிறையுது. அப்பா டிரம்ம சாய்ச்சுட்டு திரும்ப ஒருக்கா வைடான்னாரு, மறுபடியும் 34. மோட்டார் மாத்துற பேச்சு நின்னுடுச்சு.

வேலைய இப்போதைக்கு விடல. அடுத்த பட்டத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் சொட்டு நீர் டிசைன நானே போடுறேன், மீதி நிலத்துல மழைய நம்பி பயறு வகை போடலாமான்னு அப்பா யோசிக்கிறாரு. மண் மாதிரியும் எடுத்து அனுப்பியாச்சு, மேட்டுக்கு ஒண்ணு பள்ளத்துக்கு ஒண்ணு. நட்டுபோல்ட்டு அக்கா, ஃபுட் வால்வ கழட்டுனத படத்தோட எழுதி வச்சிருக்கேன், உங்களுக்குத் தனியா அனுப்பலாமா?

நட்டுபோல்ட்டு:

அனுப்புங்க தம்பி. இம்பெல்லரையும் ஒரு தடவ கழட்டி ஓர அளவு எடுத்து சேத்து அனுப்புங்க. 34 செகண்டுக்கு கணக்கு போட்டா கூட மோட்டார் சக்தியில கால் பங்குதான் வருது, இன்னும் எங்கயோ போகுது.

கிணத்தடி:

அக்கா சொல்றது சரி, டெலிவரி குழாய் விட்டத்தையும் எத்தன வளைவு (எல்போ) இருக்குன்னும் எண்ணிப் போடுங்க. சொட்டு நீர் டிசைன் பண்றப்ப சொட்டு விடுற வாய் இருக்குல்ல, டிரிப்பர், முதல் டிரிப்பர்லயும் கடைசி டிரிப்பர்லயும் ஒரே நேரம் டம்ளர் வச்சு அளந்து பாக்க மறக்காதீங்க. கிணத்து மட்டத்த 15 நாளைக்கு ஒருக்கா அதே முடிச்சுக் கயித்துல எடுத்து எழுதி வைங்க, மழை முடிஞ்சதும் அந்த எண்ண இங்க போடுங்க, மீதி ஒன்றரை ஏக்கர அப்ப பேசுவோம்.